ஹெசரு, அரை கிலோ

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகள் தேன்மொழி சாப்பாட்டு மேசையில் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் பேனாவையும் வைத்தாள். இந்த நாட்டில் யாராவது தாளும் பேனாவுமாக எதிரே வந்தால் நான் ஒரு அடி பின்னுக்குப் போவேன். ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வீட்டுக்குக் குடிபோனால் ஒரு தாள், காலி செய்தால் ஒரு தாள், குப்பைத்தொட்டி பெரிதாக வேண்டும் என்றால் அதற்கொரு தாள். ஊரில் என்றால் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். இங்கே நானே எழுத வேண்டும். அதுவும் கட்டத்துக்கு வெளியே மை போகக்கூடாது.

"என்ன கண்ணு இது?"

"ஸ்கூல் கேன்டீன்ப்பா. அடுத்த மாசத்துல இருந்து மதியம் அங்கியே சாப்ட்டுக்கறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நீ கையெழுத்துப் போடணும்."

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டம். ஐந்திலும் டிக். வியாழக்கிழமையிலும் டிக்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். என் மனைவி வள்ளி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வியாழக்கிழமை அவளுக்குப் பகல் டியூட்டி. பள்ளிக்கூடம் நடந்து போனால் ஏழு நிமிஷம். மற்ற நாள் ரொட்டி டப்பாவோடு போகிற பெண், வியாழன் மட்டும் பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு வருவாள். அப்பனும் மகளும் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சாப்பிடுவோம். பதினாலு வயசுப் பெண் அப்பாவிடம் வாய் திறந்து பேசுகிற நேரம் வாரத்துக்கு அவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் எந்த டீச்சர் கோபக்காரர், எந்தத் தோழி யாரோடு பேசுவதில்லை எல்லாம் எனக்குத் தெரியவரும்.

"வியாழக்கிழமையும் எதுக்கு?" என்றேன். குரல் சாதாரணமாக வந்ததாகத்தான் நினைத்தேன்.

"கோவிச்சிக்காதப்பா. நீ தாளிக்கிறது என் ஜாக்கெட்டுல ஏறி ஒக்காந்துக்குது. மதியானம் கணக்கு கிளாஸ்ல நான் போற பக்கம் எல்லாம் கடுகு வருது."

குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கி நம்மூர் தாளிப்பைப் பார்த்ததே இல்லை. ஐந்து நிமிஷம் உறுமிவிட்டு அடங்கிவிடும். அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருப்பதால் வலிக்காமல் போய்விடுமா? எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், வந்தது.

2

அழுகைக்கு இன்னொரு காரணமும் அந்தத் தாளின் முதல் கட்டத்தில் இருந்தது. பெயர் என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது: மோச்சி குப்புசாமி.

குப்புசாமி என் அப்பா. காவேரிப்பட்டணத்தில் இருக்கிறார், பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. என் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துப் போட்டார்கள். அந்த ஒரு விரிப்பில் முருகேசனாகிய நான் இங்கே திருவாளர் குப்புசாமி ஆனேன். வள்ளி திருமதி குப்புசாமி. ஆஸ்பத்திரியில் அவளை யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதல் வருஷமெல்லாம் மாமனார்தான் வந்துவிட்டாரோ என்று முந்தானையைத் தேடினாளாம், போட்டிருந்தது பேன்ட்.

அது போகட்டும். மோச்சி யார்?

தேன்மொழி என்று நாங்கள் ஆசையாக வைத்த பெயரை ஜெர்மன்காரர்கள் 'டென்மோட்சி' என்று படிக்கிறார்கள். அவர்கள் எழுத்துக்கணக்கு அப்படி. தோழிகள் அதைச் சுருக்கி மோட்சி ஆக்கி, பிறகு ஜப்பான்காரர்கள் அரிசிமாவில் செய்யும் ஒரு இனிப்பின் பெயரைப் பிடித்து மோச்சி ஆக்கிவிட்டார்கள். இப்போது டீச்சர்களுக்கும் அதுதான் பெயர்.

"மொச்சைக்கொட்டையா?" என்றேன் முதன்முதல் கேட்டபோது.

"அப்பா!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாளில் பார்த்தபோது வேடிக்கையாகவும் இருந்தது. மோச்சி குப்புசாமி என்றால் ராயக்கோட்டை சந்தையில் பருப்பு மண்டி வைத்திருக்கிற ஆள் மாதிரி இருக்கிறது. ஆனால் 'மொழி' என்கிற வார்த்தைக்காக நானும் வள்ளியும் மூன்று நாள் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. வேடிக்கை பாதியில் நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? யோசிச்சுப் போடறேன்" என்று தாளை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நடுவில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. அந்த ஒரு சாப்பாட்டில் பெண்ணை ஜெயித்தாக வேண்டும். கடுகு கூடாது, எண்ணெய் கூடாது, அடுப்பே கூடாது.

அடுப்பில்லாத சாப்பாடு என்றதும் எனக்கு ஓசூர் ரூம் ஞாபகம் வந்தது.

3

டிப்ளமோ முடித்ததும் ஓசூர் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி ரூம். வீட்டுக்கார அம்மா தெலுங்கு. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் விரலை ஆட்டி, "பொய்யி வொத்து!" என்றார்.

நான் பதறிப்போய், "ஐயோ, நான் பொய்யே சொல்றதில்லீங்கம்மா" என்றேன்.

ரூமில் ஏற்கெனவே இருந்த மஞ்சுநாதா விழுந்து விழுந்து சிரித்தான். பொய்யி என்றால் தெலுங்கில் அடுப்பாம், வொத்து என்றால் கூடாதாம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஸ்டவ் வைத்துச் சுவரைக் கரியாக்கிவிட்டதால் அந்த ரூமில் அடுப்புக்குத் தடை. உண்மையே பேசினாலும் பட்டினிதான்.

மஞ்சுவுக்கு ஊர் தளிப் பக்கம். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், வீட்டுக்கார அம்மாவிடம் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் இங்கிலீஷ், கோபம் வந்தால் நாலும் சேர்த்து. செகண்ட் ஷிஃப்ட் நாட்களில் மதியச் சாப்பாடு ரூமில்தான். ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் நான் சுருண்டு கிடந்த ஒரு நாள், அவன் ஒரு சில்வர் டப்பாவில் பாசிப்பருப்பை ஊறப்போட்டான். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணியை வடித்தான். வெள்ளரிக்காயைப் பொடிப்பொடியாக அரிந்தான். காரட் துருவல், தேங்காய்த் துருவல், ரெண்டு பச்சைமிளகாய், கொத்தமல்லித்தழை, ஒரு மூடி எலுமிச்சம்பழம்.

"ஸ்ரீராமநவமிக்கு எங்க ஊர்ல பானகமும் இதுவும்தான் கொடுப்பாங்க. கோசம்பரி. நம்ம ரூம்ல டெய்லி ராமநவமி" என்றான்.

பருப்பை வேகவைக்காமல் தின்பதா என்று நினைத்தேன். தின்றேன். மொறுக்கென்று, குளுகுளுவென்று வயிற்றுக்குள் போய் நல்லபடியாக உட்கார்ந்தது. அப்புறம் மூன்று வருஷம் அதுதான். பருப்பு வாங்கப் போவது என் முறை. தெருமுனைக் கடைக்காரர் கன்னடக்காரர். "ஹெசரு பேளே அரை கிலோன்னு கேளு. ஹெசரு, ஹெசரு" என்று மஞ்சு மனப்பாடம் பண்ணிவைத்தான். நான் கற்றுக்கொண்ட முதல் கன்னட வார்த்தை அது. அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையால் பட்ட பாட்டைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்கிறேன்.

4

புதன்கிழமை என் மதிய இடைவேளையில் மஞ்சுவுக்குப் போன் போட்டேன். இப்போது அவன் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது.

"ஏன் குரு அரை கிலோ! ஊட்டா ஆய்த்தா?"

என்னை இன்னமும் 'அரை கிலோ' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் உலகத்தில் இவன்தான். 'சாப்ட்டாச்சா' என்று அவன் கன்னடத்தில் கேட்டதில் மனசு குளிர்ந்துவிட்டது. இந்த ஊரிலும் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் வராந்தாவில் எதிர்ப்படுகிறவர்கள் 'மால்ட்சைட்!' என்று சொல்வார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். நான் அதை நம்மூர் 'சாப்ட்டாச்சா?' என்று எடுத்துக்கொண்டு, "இன்னும் இல்லை, வீட்டில் பருப்பு சாதம் கொடுத்திருக்கிறார்கள்" என்று ஆறு மாசம் எல்லோருக்கும் நின்று பதில் சொல்லியிருக்கிறேன். அது வெறும் வணக்கம் என்று யாரும் சொல்லவில்லை. பாவம், கேட்டுக்கொண்டார்கள்.

"மஞ்சு, கோசம்பரி எப்பிடிப் பண்றதுன்னு மறுபடி சொல்லேன். பாப்பாவுக்குப் பண்ணணும்."

"மூணு வருஷம் தின்னுட்டு ரெசிபி கேக்கறியா? அடுப்பு இல்லாத சமையலுக்கு என்னப்பா ரெசிபி?" என்று சிரித்தவன், நான் கேன்டீன் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினான். "சரி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. எல்லாம் கலந்து வெச்சுக்கோ, உப்பு மட்டும் போடாதே. உப்பு போட்டா வெள்ளரிக்கா தண்ணி விட்டுக்கும், சொதசொதன்னு ஆய்டும். ஆள் வந்து ஒக்காந்தப்புறம் போடு. ஆள் வரலைன்னா உப்பு போடாதே. அவ்ளோதான்."

பருப்பு வீட்டில் இருந்தது. மற்றதை வாங்கிவரச் சொல்லி வள்ளிக்குச் செய்தி அனுப்பினேன்: 'நாளைக்குக் கோசம்பரி. சாமான் வாங்கி வா.' வள்ளி காரைக்குடிப் பெண். சாயங்காலம் இரண்டு பெரிய கத்தரிக்காய்களோடு வந்து இறங்கினாள். ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு.

"எதுக்கு இது?"

"நீங்கதானே கோசமல்லின்னு போட்டீங்க?"

"கோசம்பரிடி."

"ரெண்டும் ஒண்ணுதானே? கத்தரிக்காயை வேகவச்சு, மசிச்சு, புளி ஊத்தி..."

"அடுப்பே இல்லாம பண்றது."

வள்ளி கத்தரிக்காய்களை மேசையில் இறக்கினாள். "பச்சைக் கத்தரிக்காயா? பிள்ளை கேன்டீனுக்குப் போறேன்னு சொல்றதுல தப்பே இல்லீங்க" என்றாள்.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவளே மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய் வெள்ளரிக்காய் வாங்கிவந்தாள். கத்தரிக்காய் ஞாயிற்றுக்கிழமை அவள் ஊர்ப்படி வெந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது, இதைப் படிப்பாள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

5

வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் பருப்பை ஊறப்போட்டேன். பன்னிரண்டேகாலுக்கு ஆபீஸ் மீட்டிங். கம்ப்யூட்டரைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு காய் நறுக்கினேன். வெள்ளரிக்காயின் நுனியை வெட்டி, வெட்டின இடத்திலேயே சரக் சரக் என்று தேய்த்து நுரை எடுத்தேன். இந்த ஊர் வெள்ளரி முழங்கை நீளம், பிளாஸ்டிக் சட்டை வேறு. பதினாறு வருஷத்தில் ஒன்றுகூடக் கசந்ததில்லை. இருந்தாலும் தேய்க்காமல் விட எனக்குக் கை வராது.

மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன்.

"திருவாளர் குப்புசாமி, ஏதோ சத்தம் வருகிறதே?" என்றார் மேலாளர்.

"மன்னிக்கவும். கசப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன்."

மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். யாருடைய கசப்பு என்று கேட்க அவர்களுக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டே முக்கால். எல்லாம் கலந்தாயிற்று. உப்பு தனியாகக் கையில். பன்னிரண்டு ஐம்பது. வரவில்லை. ஐம்பத்தைந்து. இன்றைக்கே கேன்டீனுக்குப் போய்விட்டாளோ என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கதவு திறந்தது. உள்ளே வந்தவள் மூக்கைச் சுருக்கிச் சுற்றிலும் பார்த்தாள்.

"என்னப்பா, வாசனையே காணோம்? சமைக்கலியா?"

"சமைக்கல. ஒக்காரு."

உட்கார்ந்தாள். உப்பைத் தூவி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஒரு கிளறு கிளறி முன்னால் வைத்தேன். முள்கரண்டியால் ஒரு பருப்பைக் குத்தப் பார்த்தாள், அது ஓடியது.

"வேகவே இல்லியே இது."

"வேகாது. ஸ்பூன்ல எடு."

ஒரு வாய். இரண்டாவது வாய். மூன்றாவதில் நான் மூச்சுவிட்டேன்.

"இதுக்கு என்ன பேரு?"

"கோசம்பரி. இந்தப் பருப்பு ஹெசரு பேளே. கன்னடத்துல ஹெசருன்னா பயறு. ஹெசருன்னா பேருன்னும் அர்த்தம்."

"பேருக்கும் பயறுக்கும் ஒரே வார்த்தையா?"

"அதுலதான் கண்ணு உங்கப்பன் மாட்டிக்கிட்டான்" என்று ஆரம்பித்தேன்.

ஓசூருக்கு வந்து இரண்டாவது மாசம், கர்நாடகா பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனிக்கு சாம்பிள் பீஸ் கொடுத்துவர அனுப்பினார்கள். கேட்டில் செக்யூரிட்டி பெரிய நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, நிமிராமல், "ஹெசரு?" என்றார். எனக்கு ஆச்சரியம். நாங்கள் தினமும் பாசிப்பருப்பு தின்பது அத்திப்பள்ளி வரைக்கும் தெரிந்துபோய்விட்டதா? பெரிய மனிதர் கேட்கிறார், மரியாதையாகச் சொல்வோம் என்று, "அரை கிலோ சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "ஏனு?"

பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "வாரத்துக்கு அரை கிலோ சார். ரெண்டு பேர் இருக்கோம்" என்றேன்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பெயர்: அரை கிலோ. ஓசூர். அதற்கப்புறம் அந்த கேட்டுக்கு எத்தனை தரம் போனாலும் "பா, பா, அரை கிலோ, ஊட்டா ஆய்த்தா?" என்று வரவேற்புதான். மஞ்சு காதுக்கு எட்டியது, ரூமில் நிலைத்தது, வீட்டுக்கார அம்மாவும் அப்படியே கூப்பிட்டார்.

தேன்மொழி சிரித்த சிரிப்பில் பருப்பு மேசையெல்லாம் சிதறியது. "அரை கிலோ சார்! அரை கிலோ சார்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, இந்தச் சூட்டிலேயே அடிப்போம் என்று, "அதான் கண்ணு, பேருங்கறது முக்கியம். தேன்மொழின்னு அழகா வெச்சிருக்கோம், நீ மோச்சின்னு எழுதற" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அரை கிலோன்னு கூப்ட்டப்ப உனக்குக் கோவம் வந்துச்சாப்பா?"

"இல்ல."

"ஏன்?"

"ஃபிரெண்ட்ஸ்தானே. புது ஊரு. அவங்க அப்பிடிக் கூப்ட்டப்புறம்தான் நானும் ஓசூர்க்காரன் ஆயிட்ட மாதிரி இருந்துச்சு."

"உனக்கு அரை கிலோ இருக்கலாம். எனக்கு மோச்சி இருக்கக் கூடாதா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து தாளை எடுத்தேன். மோச்சி குப்புசாமிக்குக் கீழே, ஐந்து டிக்குகளுக்கும் கீழே, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கைப்பக்கத்தை மோந்து பார்த்தாள்.

"கடுகு இல்லப்பா. தேங்க்ஸ்."

போய்விட்டாள். கிண்ணத்தில் மீதி இருந்ததை நின்றுகொண்டே தின்றேன். மஞ்சு சொன்னது சரிதான், அதற்குள் தண்ணீர் விட்டிருந்தது.

6

அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் மோச்சி குப்புசாமி என்று யாரும் இல்லையாம், புதுத் தாளில் எழுதித் தரவேண்டுமாம். எனக்கு அன்றைக்கு அவசர வேலை. "அம்மாகிட்ட வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டேன். நிஜத்தில், அந்த ஐந்து டிக்கை இன்னொரு தரம் பார்க்க எனக்கு மனசில்லை. வள்ளிதான் கையெழுத்துப் போட்டாள். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கேன்டீன் சாப்பாடு தொடங்கின முதல் வாரம். வியாழக்கிழமை காலை பத்தரை. எனக்கு மட்டும் இரண்டு ரொட்டித் துண்டு போதும் என்று உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா.

"திருவாளர் குப்புசாமி, உங்கள் மகளின் உணவுப் படிவத்தில் ஒரு சந்தேகம். வியாழக்கிழமை வேண்டாம் என்று விட்டிருக்கிறீர்கள். காரணம் என்ற கட்டத்தில் 'ஹெசரு' என்று இருக்கிறது. அது ஒவ்வாமையா? மருத்துவர் சான்றிதழ் வேண்டும்."

நான் எழுந்து நின்றேன். "ஒவ்வாமை இல்லை."

"மத வழக்கமா?"

"இல்லை. அது கன்னடம் என்று ஒரு மொழி. பெயர் என்று அர்த்தம்."

"பெயர் மேலே முதல் கட்டத்தில் இருக்கிறதே. இங்கே காரணத்தை எழுத வேண்டும்."

"அதுதான் காரணம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "முதல் கட்டத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று படிக்க முடியுமா?" என்று கேட்டேன். தன் மகள் பெயரையே கேட்கிற தகப்பனை அவர் என்ன நினைத்தாரோ, எழுத்து எழுத்தாகப் படித்தார். தேன்மொழியின் ஒரு எழுத்தும் குறையவில்லை. அடுத்த கட்டத்தில், கூப்பிடும் பெயர் என்ற இடத்தில், மோச்சி என்று போட்டிருந்ததாம்.

"இரண்டும் சரிதான்" என்றேன்.

"அப்படியானால் காரணத்தில் 'மற்றவை' என்று போட்டுக்கொள்கிறேன்" என்று அந்த அம்மா போனை வைத்தார்.

மணியைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது. ஓடிப்போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்து ஊறப்போட்டேன். அரை கிலோ இல்லை, அரை டம்ளர். இரண்டு பேருக்கு அது போதும். வெள்ளரிக்காயின் நுனியை வெட்டித் தேய்த்தேன், காரட்டைத் துருவினேன், எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வெளியிலிருந்தே கத்தினாள்:

"அரை கிலோ சார்! ஊட்டா ஆய்த்தா?"

அவள் உள்ளே வந்து, ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டி, உட்காரும் வரைக்கும் நின்றேன். அதற்கப்புறம்தான் உப்பைப் போட்டேன்.